ஹைலக்ஸுக்குப் பெரிய டயர், அப்புறம் கிரவுன் பினியன்

எங்கள் பக்கம் பிக்கப்புக்குப் பெரிய டயர் போடுகிறவர்களுக்கு இரண்டு காரணம் இருக்கும். ஒன்று கெத்து, இன்னொன்று சேறு. எனக்குச் சேறுதான் காரணம் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து லிந்தாங் போகும் பக்கம் எங்கள் குடும்பத்துக்குக் கொஞ்சம் செம்பனை நிலம் உண்டு. அது போக, சுற்றியுள்ள தோட்டங்களில் உரம் போடுவது, மருந்தடிப்பது என்று குத்தகை வேலையும் எடுக்கிறேன். வண்டி டொயோட்டா ஹைலக்ஸ் வீகோ, 2.5 டீசல், மேனுவல் கியர், ஃபோர்வீல். பின்னால் 50 கிலோ உர மூட்டை, தண்ணீர் டிரம், பழக்குலை என்று ஏதாவது ஒரு பாரம் எப்போதும் இருக்கும். மழை மாதங்களில் டிராக்டர் போய்ப் போய் விழுந்த தடத்தில் சக்கரம் இறங்கினால், நடுவில் மேடாக நிற்கும் மண்ணில் பின் டிஃப் (டிஃபரென்ஷியல், ஆக்சில் நடுவில் உருண்டையாகத் தொங்கும் கியர்க்கூடு) போய் உட்கார்ந்துவிடும். அதற்கு மேல் நான்கு சக்கரமும் சும்மா சுற்றும், வண்டி அசையாது.

சஸ்பென்ஷனைத் தூக்கினால் தீர்ந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஸ்பிரிங்கை உயர்த்தினால் பாடி மட்டும்தான் உயரும். பின் ஆக்சில் சக்கரத்தோடு சேர்ந்தது, அது இருந்த இடத்திலேயே இருக்கும். ஆக்சிலை உயர்த்த டயர் ஒன்றுதான் வழி, அதிலும் பாதிதான் கிடைக்கும். என் வண்டியில் இருந்தது 255/70 ஆர் 15. கணக்குப்படி விட்டம் 738 மில்லிமீட்டர். நான் போட்டது 285/75 ஆர் 16, விட்டம் 834. ஆக 96 மில்லிமீட்டர் பெரிது, ஆக்சிலுக்குக் கிடைத்தது 48. கேட்கச் சின்னதாக இருக்கும். ஆனால் அந்த மண்மேட்டில் இடிக்காமல் போக அது போதும். டயர் உரசாமல் இருக்க 2 அங்குலம் தூக்கி, முன் மட்கார்டு உள்பக்கத்தையும் கொஞ்சம் வெட்ட வேண்டியிருந்தது. அந்தக் கதை தனி.

டயரோடு டிஃபையும் மாற்றவேண்டும் என்பது முதலிலேயே தெரியும். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யக் கையில் காசு இல்லை. அதனால் சில மாதம் பெரிய டயரோடும் பழைய ரேஷியோவோடும் ஓட்டினேன். ரேஷியோ என்பது சக்கரம் ஒரு சுற்று சுற்ற, டிஃபுக்குள் வரும் தண்டு எத்தனை சுற்று சுற்றுகிறது என்ற கணக்கு. அந்த மாதங்களில் கற்றுக்கொண்டதுதான் பிறகு எந்த ரேஷியோ எடுப்பது என்று முடிவு செய்ய உதவியது.

சைக்கிளில் பின்பக்கம் சின்னப் பல்சக்கரம் போட்டுக்கொண்டு மேடு ஏறினால் எப்படி இருக்கும்? அப்படித்தான் ஆனது வண்டி. டயர் 13 விழுக்காடு பெரிது. என் டிஃப் ரேஷியோ 3.909, அதாவது டிஃபுக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரமான கிரவுனில் 43 பல், அதைச் சுற்றும் சின்னப் பல்சக்கரமான பினியனில் 11. பெரிய டயரோடு அது 3.46 ரேஷியோ போலத்தான் நடந்துகொள்ளும். தரையில் கிடைக்கும் இழுவை ஒன்பதில் ஒரு பங்குக்கு மேல் போயிற்று. டயரே கனமானது என்பதால் அதைச் சுழற்றவும் கூடுதல் சக்தி வேண்டும். காலி வண்டியில் பெரிதாகத் தெரியாது. பாரத்தோடு கோலகங்சார் தாண்டி புக்கிட் பெராப்பிட் ஏற்றத்தில் போகும்போதுதான் விஷயம் புரியும். முன்பு நான்காம் கியரில் முனகிக்கொண்டாவது ஏறிய இடத்தில் மூன்றாம் கியர் கேட்கும். மூன்றில் போட்டால் எஞ்சின் கத்தும், நான்கில் போட்டால் டர்போ பிடிக்காது. லோரிக்காரன் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டு லைட் அடிப்பான்.

தோட்டத்துக்குள் இன்னும் மோசம். சேற்று மேட்டில் முதல் கியரில் கிளட்சைப் பாதி மிதித்தபடியே வண்டியை நகர்த்த வேண்டியிருக்கும். கிளட்ச் கருகும் வாசனை ஒருமுறை மூக்கில் ஏறிவிட்டால் மறக்காது. லோ ரேஞ்ச் (ஃபோர்வீலோடு மட்டும் சேரும் மெதுவான, இழுவை கூடிய கியர்) இருக்கிறதே, அதில் போட்டு ஓட்டு என்பார்கள். சேற்றில் சரி. ஆனால் பாரத்தோடு ரிவர்ஸ் எடுத்து ஏற்ற வேண்டிய இடம் பல நேரம் கெட்டியான காய்ந்த தரை. வீகோ பார்ட் டைம் ஃபோர்வீல்; காய்ந்த கெட்டித் தரையில் முன் ஆக்சிலைச் சேர்த்து வளைத்துத் திருப்பினால் முன்னும் பின்னும் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும்.

ஏற்றத்தைவிட இறக்கம்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. மலைச்சரிவில் படிபடியாக வெட்டிய செம்பனை நிலத்தில் ஈரமான குலைகளை ஏற்றிக்கொண்டு முதல் கியரில் இறங்கும்போது, முன்பெல்லாம் எஞ்சினே வண்டியைப் பிடித்து வைத்திருக்கும். பெரிய டயர் போட்ட பிறகு அதே கியரில் வண்டி அதே எஞ்சின் சுற்றுக்கு 13 விழுக்காடு வேகமாக இறங்குகிறது, எஞ்சின் பிடிக்கும் பிடியும் குறைகிறது. அப்போது கால் பிரேக்குக்குப் போகும். ஈரக் களிமண் சரிவில் பிரேக் மிதித்தால் டயர் பூட்டிக்கொண்டு வழுக்கும். டிஃப் மாற்றுவதைப் பற்றிப் பேசுகிற எல்லாரும் இழுவை, டீசல், ஹைவே சுற்று என்றே பேசுகிறார்கள். தோட்டத்தில் ஓட்டுகிறவன் இறக்கத்தை வைத்துத்தான் ரேஷியோவைத் தேர்வு செய்ய வேண்டும் என்பது என் கருத்து.

சரி, கணக்குக்கு வருவோம். பழைய ரேஷியோவைப் புதிய டயர் விட்டத்தால் பெருக்கி, பழைய டயர் விட்டத்தால் வகுத்தால் வேண்டிய ரேஷியோ கிடைக்கும். எனக்கு 3.909 பெருக்கல் 834 வகுத்தல் 738, வருவது 4.42. இந்த எண்ணில் கிரவுன் பினியன் கிடைக்காது. டொயோட்டாவின் 8 அங்குல டிஃபுக்குப் பரவலாகக் கிடைப்பவை 4.1, 4.3, 4.556, 4.875 போன்றவை. 4.3 போட்டால் பழைய நிலைக்கு 3 விழுக்காடு குறைவாக நிற்கும். 4.556 போட்டால் 3 விழுக்காடு கூடும்.

காலி வண்டியில் பட்டணத்துக்குள் ஓடுகிறவர் 4.3 எடுத்தால் போதும். எனக்கு எப்போதும் பாரம் உண்டு, டயரும் கனம், தோட்டத்தில் இறக்கமும் உண்டு. அதனால் 4.556. கிரவுனில் 41, பினியனில் 9. நண்பர் ஒருவர் 4.875 எடு என்று நச்சரித்தார். அவர் வண்டி வாரக் கடைசியில் காட்டுக்குள் போகிற வண்டி. எனக்கு பினாங்கு வரைக்கும் போய்வர வேண்டும். நான்காம் கியர் நேர் கியர், ஒன்றுக்கு ஒன்று; அதில் 100 கிலோமீட்டர் வேகத்துக்கு எஞ்சின் சுற்று எவ்வளவு என்று ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன். பழைய டயர், பழைய டிஃப்: சுமார் 2810. பெரிய டயர், பழைய டிஃப்: 2490. பெரிய டயர், 4.556: 2900. அதே டயரில் 4.875 என்றால் 3100. கடைசியில் சொன்னது அந்த எஞ்சினுக்குக் கேடில்லை, ஆனால் தைப்பிங் போவதற்குள் காது போய்விடும். இன்னொன்றும் உண்டு. ரேஷியோ எண் கூடக் கூட பினியனில் பல் குறையும், பினியன் தலை சிறுத்துப்போகும். பாரம் இழுக்கிற வண்டிக்குத் தேவைக்கு மேல் எண்ணைக் கூட்டுவது நல்லதல்ல.

டயர் மேல் அச்சிட்ட அளவை மட்டும் நம்பிக் கணக்குப் போடாதீர்கள். ஒரே அளவு போட்ட இரண்டு கம்பெனி டயர்கள் ஒரே விட்டத்தில் இருப்பதில்லை. பாரத்தில் டயர் கொஞ்சம் நசுங்கவும் செய்யும். டயரிலும் தரையிலும் ஒரு சாக்பீஸ் கோடு போட்டு, வழக்கமான பாரத்தோடு வண்டியை ஒரு முழுச் சுற்று உருட்டி, தரையில் டேப் பிடித்து அளந்துகொள்ளலாம். பழைய டயர் ஒன்று கையில் இருந்தால் அதையும் அப்படியே அளந்து, இரண்டையும் வகுத்தால் விட்டம் கூடத் தேவையில்லை.

இன்னொரு முக்கியமான விஷயம், உங்கள் வண்டியில் இப்போது இருப்பது என்ன ரேஷியோ என்பது. ஒரே மாடலிலேயே எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஏற்ப மாறும். வண்டியின் தகட்டில் ஆக்சில் குறியீடு இருக்கும். பழைய வண்டி என்றால் முந்தைய ஆள் மாற்றியிருக்கலாம், அதனால் கையாலேயே எண்ணிப் பாருங்கள். சாதாரண டிஃப் என்றால், கியரை நியூட்ரலில் போட்டு, மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, அதை இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். கியர்பாக்ஸ் பக்கமிருந்து டிஃபுக்கு வரும் நீளத் தண்டு, அதாவது புரோப்பல்லர் ஷாஃப்ட், எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுதான் ரேஷியோ. நான்குக்குக் கொஞ்சம் குறைவாக வந்தால் 3.9. வேலை முடித்து வண்டியை எடுக்கும்போதும் முன்னும் பின்னும் இதைச் செய்து பாருங்கள். யாரையும் சந்தேகப்படுவதாக ஆகாது.

முன்னும் பின்னும் என்று சொன்னேன். "பின்னாடி மட்டும் மாத்துங்க அண்ணே, முன்னாடி அப்புறம் பாத்துக்கலாம்" என்று ஊரில் சிலர் சொன்னார்கள். செலவு பாதியாகும்தான். ஆனால் அதற்குப் பிறகு ஃபோர்வீலைத் தொடவே கூடாது. முன்னே ஒரு ரேஷியோ, பின்னே ஒரு ரேஷியோ இருக்கும்போது ஃபோர்வீலில் போட்டால் இரண்டு ஆக்சிலும் வேறு வேறு வேகத்தில் ஓடப் பார்க்கும். முன்னுக்கும் பின்னுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸோ, முன் டிஃபோ, ஏதோ ஒன்று உடையும். சேற்றுக்காகப் பெரிய டயர் போட்டுவிட்டு, சேற்றில் ஃபோர்வீல் போட முடியாது என்றால் அது என்ன கணக்கு?

சாமான் வாங்க இரண்டு வழி இருந்தது. பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் பொத்தோங் கடையில் வேண்டிய ரேஷியோவில் முழு டிஃபாகத் தேடி எடுப்பது ஒன்று. கம்பெனியில் செட் செய்தபடியே இருப்பதால் பிரிக்காமல் மாட்டிவிடலாம்; வேலை குறைவு, செலவும் குறைவு. நான் முதலில் அதைத்தான் தேடினேன். பின் டிஃப் கிடைத்தால் அதே ரேஷியோவில் முன் டிஃப் கிடைக்கவில்லை, முன்னது கிடைத்தால் எண்ணெய் இல்லாமல் ஓடிய கிரவுன். கடைசியில் இரண்டு பக்கத்துக்கும் புதிய கிரவுன் பினியன், புதிய பேரிங், சீல் என்று வாங்கினேன். மொத்தச் செலவு டயருக்குக் கொடுத்த வெள்ளியை (ரிங்கிட்டை) தாண்டிவிட்டது. பெரிய டயர் வாங்க நினைக்கிறவர்கள் விலை கேட்கும்போதே இதையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள்.

சாமானைவிட அதை செட் செய்கிற ஆள் முக்கியம். என்ன விலை கொடுத்து வாங்கிய பினியனும் தப்பாக உட்கார்ந்தால் அழ ஆரம்பித்து, அப்புறம் பல்லைக் கொட்டிவிடும். எங்கள் ஊர் போமன் (மெக்கானிக்) அண்ணன் எஞ்சின் வேலையில் கெட்டிக்காரர். அவரே, "டிஃப் எனக்கு வேணாம் தம்பி, ஈப்போவுல ஓர் அங்கிள் இருக்காரு, அதையே செஞ்சுக்கிட்டு இருக்காரு" என்று அனுப்பிவைத்தார். தனக்குத் தெரியாத வேலையைத் தெரியாது என்று சொல்கிற போமன் கிடைப்பது பெரிய பாக்கியம்.

அந்த அங்கிள் சீனர், லோரி டிஃப் பார்த்துப் பார்த்துப் பழகியவர். பக்கத்தில் நின்று பார்க்க விட்டார். ஹைலக்ஸின் பின் டிஃப் சுலபம். இரண்டு ஆக்சில் ஷாஃப்டையும் வெளியே இழுத்துவிட்டால் டிஃப் முழுதும் முன்பக்கமாகக் கழன்று வந்துவிடும், மேசையில் வைத்து வேலை பார்க்கலாம். முன் டிஃபுக்கு டிரைவ் ஷாஃப்டுகளைக் கழற்றி, கூட்டோடு கீழே இறக்க வேண்டும். கூலியில் பெரும்பகுதி அதற்குத்தான்.

புதிய பினியன் கிரவுனுக்குள் எவ்வளவு ஆழம் போய் நிற்க வேண்டும் என்பதை பினியன் தலைக்குப் பின்னால் இருக்கும் ஷிம் என்ற மெல்லிய தகட்டு வளையம்தான் தீர்மானிக்கிறது. பினியன் பேரிங் இறுக்கமாக அழுத்தி ஏற்றுவது. ஒவ்வொரு முறையும் ஷிம் மாற்ற அதைப் பிடுங்கினால் பேரிங்கே நாசமாகிவிடும். அங்கிள் ஒரு பழைய பேரிங்கின் உள்வட்டத்தைத் தேய்த்துப் பெரிதாக்கி வைத்திருந்தார். அது கையாலேயே ஏறும், இறங்கும். அதை வைத்துச் சோதனை, எல்லாம் சரியான பிறகே புதுப் பேரிங். கிரவுனில் நான்கைந்து பல்லில் மஞ்சள் பேஸ்டைச் சின்ன பிரஷால் தடவினார். கிரவுனை ஒரு துணியால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு பினியனை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சுற்றினார். மஞ்சளில் பல் தொட்ட இடம் தெளிவாகத் தெரிந்தது. முதல் தடவை தடம் பல்லின் அடிப்பக்கம் விழுந்திருந்தது. பினியன் அதிகம் உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம். கழற்றினார், மெல்லிய ஷிம் போட்டார், மறுபடி மஞ்சள். தடம் பல்லின் நடுவுக்கு வரும்வரை விடவில்லை. அதற்குள் நான் இரண்டு தேத்தண்ணி குடித்துவிட்டேன்.

அப்புறம் டயல் கேஜ் வைத்து, கிரவுனுக்கும் பினியனுக்கும் இடையில் விட வேண்டிய இடைவெளியைப் பார்த்தார். டொயோட்டா இந்த டிஃபுக்குச் சொல்வது 0.13 முதல் 0.18 மில்லிமீட்டர் வரை. முடி கனம் என்று சும்மா சொல்வதில்லை, உண்மையிலேயே ஏறக்குறைய இரண்டு முடி கனம்தான். உங்கள் ஒர்க்‌ஷாப்பில் டயல் கேஜும் மஞ்சள் பேஸ்டும் இல்லை, "கையால ஆட்டிப் பாத்தாலே எனக்குத் தெரியும்" என்று சொல்கிறார் என்றால், சாமானைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள். பினியன் நட்டை இறுக்கும்போது உள்ளே நசுங்கும் ஸ்லீவும் புதிதாக இருக்க வேண்டும். ஒரு தடவை நசுங்கியது மறுபடி உதவாது. கொஞ்சம் அதிகமாக இறுக்கிவிட்டால் நட்டைத் தளர்த்திச் சரி செய்யவும் முடியாது, புது ஸ்லீவ்தான்.

புது டிஃபைப் பழக்கும் காலத்தை யாரும் அலட்சியம் செய்யாதீர்கள். முதல் ஓட்டம் 15, 20 நிமிடம், மெதுவாக, காலி வண்டி. நிறுத்தி நன்றாக ஆறவிட வேண்டும். அப்புறம் மறுபடி. புதிய பற்கள் ஒன்றையொன்று தேய்த்துப் பொருந்தும்போது சூடு அதிகம் கிளம்பும். ஆறாமல் பாரம் ஏற்றினால் பல்லின் கெட்டித்தன்மையே போய்விடும். சுமார் 800 கிலோமீட்டர் வரை பாரம் ஏற்றாமல், ஒரே வேகத்தில் நீண்ட நேரம் ஓட்டாமல் இருந்து, பிறகு எண்ணெயை வடித்துப் புதிதாக ஊற்றச் சொன்னார் அங்கிள். எண்ணெய் ஜிஎல்-5 தரம். இந்த வகைப் பற்கள் உருள்வதோடு வழுக்கவும் செய்வதால் அந்தத் தரம் கட்டாயம். வடித்த எண்ணெயில் சாம்பல் நிறத்தில் மாவு போலத் தூள் வந்தால் பயமில்லை. நகத்தால் எடுக்கிற அளவுக்குத் துண்டு வந்தால் உடனே பிரிக்க வேண்டும். அந்த மாதம் உர மூட்டைகளுக்கு வேறு லோரி பிடித்தேன். அந்த வாடகையையும் டிஃப் செலவில்தான் எழுதினேன்.

சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. புது கிரவுன் பினியன் கம்பெனி டிஃபைவிட லேசாகப் பாடும், அது பரவாயில்லை. ஆக்சிலேட்டர் மிதிக்கும்போது ஒரு மாதிரி, விடும்போது வேறு மாதிரி ஊளையிட்டால் பல் செட்டிங்கைப் பார்க்க வேண்டும். மிதித்தாலும் விட்டாலும் ஒரே மாதிரி உறுமினால் பேரிங் பக்கம். எந்த வேகத்தில், கால் எங்கே இருக்கும்போது வருகிறது என்று குறித்துக்கொண்டு போனால் போமனுக்குப் பாதி வேலை மிச்சம்.

இப்போது வண்டி எப்படி இருக்கிறது? புக்கிட் பெராப்பிட்டில் நான்காம் கியர் மறுபடி வேலை செய்கிறது. சேற்று மேட்டில் கிளட்சை முழுதாக விட்டுவிட்டு ஏறலாம். சரிவில் முதல் கியரில் கால் இரண்டையும் தரையில் வைத்துக்கொண்டு இறங்குகிறேன். டீசலில் பெரிய சேமிப்பு எதிர்பார்க்காதீர்கள். பெரிய டயர் பெரிய டயர்தான்.

டீசல் கணக்குப் போடும்போது மீட்டரையும் கவனிக்க வேண்டும். பெரிய டயர் போட்டதும் மீட்டர் 400 கிலோமீட்டர் என்று காட்டினால் உண்மையில் 450 போயிருக்கும். வண்டி நிறைய குடிக்கிறது என்று நாமே பயந்துகொள்வோம். வேகமும் அப்படியே. மெனோரா சுரங்கப் பக்கம் எல்லை 80. மீட்டரில் 80 பார்த்துக்கொண்டு போனால் நிஜத்தில் 90, கேமரா இருந்தால் சமன் (அபராத நோட்டீஸ்) வீட்டுக்கு வரும். என் வண்டியில் மீட்டர் சிக்னல் கியர்பாக்ஸ் பக்கத்திலிருந்து வருவதால் டிஃப் மாற்றியதும் தானாகச் சரியாகி, இப்போது உண்மை வேகத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டுகிறது. சக்கரத்தில் இருக்கும் ஏபிஎஸ் சென்சாரிலிருந்து எடுக்கும் வண்டிகளில் டிஃப் மாற்றினாலும் மீட்டர் தப்பு அப்படியேதான் இருக்கும், தனியாகத் திருத்த வேண்டும். ஃபோனில் ஜிபிஎஸ் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பிரேக்குக்கு டிஃபால் எந்த உதவியும் இல்லை. டயர் பெரிதான அளவுக்கு பிரேக்கின் பிடி குறைந்ததுதான். அதனால் முன் பேடை நல்லதாக மாற்றினேன், பாரத்தோடு போகும்போது முன் வண்டிக்கு விடும் இடைவெளியையும் கூட்டிக்கொண்டேன். டயர் மட்கார்டைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) சோதனையில் மாட்டுவீர்கள், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்பேர் டயர் விஷயத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பழைய 15 அங்குல ஸ்பேரை அப்படியே வைத்திருந்து, பஞ்சரானதும் பின்னால் ஒரு பக்கம் மாட்டிக்கொண்டு தூரம் ஓட்டினால், இரண்டு சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற, டிஃபுக்குள் இருக்கும் சின்ன கியர்கள் நிற்காமல் உழைத்துச் சூடேறும். ஃபோர்வீலும் போட முடியாது. ஐந்தாவது டயரும் 285 ஆகவே வாங்கினேன். அது அடியில் பழைய இடத்தில் நுழையவில்லை, இப்போது பின்னால் தொட்டியில் நிற்கிறது. ஒவ்வொரு நடைக்கும் ஓர் உர மூட்டை இடம் குறைவு.